பிறை வடிவப் பள்ளம்

உடைந்த பீங்கான் உருண்டையை மேசையில் வைத்துவிட்டு, தொழிற்சாலை மேலாளர் நகத்தைக் கடித்துத் தரையில் துப்பினார். ஆய்வுக்கூடத்தில் ‘அவசரம்’ என்று பெயரெடுத்த உதவியாளர் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒரு பஸ் டிரைவருக்கு இடுப்புல வச்ச மூட்டு. படியிறங்கும்போது உள்ளேயே நொறுங்கிடுச்சு. எங்க உலைக்காரர் சூட்டைக் கூட்டி வச்சிட்டாரு. நீங்க அறிக்கை குடுத்ததும் இவரைப் போலீஸ்ல ஒப்படைக்கப் போறேன்," என்றார் மேலாளர்.

உலைக்காரர் வாசலோரம் நின்றிருந்தார். "அளவாத்தான் வச்சேன். எங்க அக்கா இடுப்புலயும் நம்ம மூட்டுதான் இருக்கு," என்றார்.

ஆய்வாளர் அம்மா ஒரு சில்லை நுண்நோக்கியில் வைத்தார். "சூடு கூடினா என்னாகும்?" என்று அவசரத்திடம் கேட்டார்.

"பீங்கானுக்குள்ள இருக்கிற நுண்மணிகள் ஒண்ணையொண்ணு விழுங்கிப் பெருத்துடும். பெருத்தா பலம் போயிடும். அப்ப உலைக்காரர்தான் மேடம்."

"பார்த்துட்டுச் சொல்லுங்க."

அவசரம் பார்த்தார். மணிகள் பொடிப்பொடியாக, ஒரே சீராக இருந்தன. உடைந்த முகத்தின் கோடுகளெல்லாம் ஓரிடத்தை நோக்கி ஓடின. அங்கே வழவழப்பான ஒரு வட்டம். அதன் நடுவே பிறை வடிவப் பள்ளம்.

"சூட்டுல தப்பில்ல. விரிசல் அந்தப் பள்ளத்துலதான் பொறந்திருக்கு," என்றார் அம்மா. "சுடறதுக்கு முன்னாடி பீங்கான் மாவுல ஏதோ விழுந்து, உலையில எரிஞ்சு, தன் வடிவத்தை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு. மாவு அறையில எல்லாரும் முகமூடி போடுவீங்களா?"

"சாரைத் தவிர எல்லாரும் போடுவோம்," என்றார் உலைக்காரர். "அவருக்கு மூச்சு முட்டுமாம். மாவுத் தொட்டிமேல நகத்தைக் கடிச்சுக்கிட்டே குனிஞ்சு நின்னுதான் எங்களைத் திட்டுவாரு."

அம்மா, மேலாளர் தரையில் துப்பிய துணுக்கை இடுக்கியால் எடுத்து நுண்நோக்கியில் வைத்தார். அதே வளைவு.

ஒருவன் எச்சிலில் ஊறிய நகம் இன்னொருவன் இடுப்பை உடைத்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்றிருந்தது அவசரத்துக்கு.

"நகம்னு எழுதாதீங்க மேடம். தூசின்னு போட்டுக்கலாம்," என்றார் மேலாளர் சன்னமாக.

"நகம்னுதான் எழுதுவேன். அந்தத் தொட்டி மாவுல செஞ்ச மத்த மூட்டெல்லாம் யார் யாருக்குப் போச்சோ, அவங்களை இப்பவே கூப்பிட்டுச் சொல்லுங்க."

"சொன்னா கம்பெனியே போயிடுமே."

உலைக்காரர் அதற்குள் கைப்பேசியை எடுத்திருந்தார்.

"அக்கா, எங்க இருக்க? மாடியிலயா? எறங்காத. அங்கேயே உட்காரு, நான் வர்றேன்."