கட்டைவிரலின் தீர்ப்பு

மூன்றாம் மடை இதழிலிருந்து நாடித்தாள் வரும் நாட்களில் கோமதிநாயகம் காபி குடிப்பதில்லை. மோர்தான். காபி நாடியை ஏற்றிவிடும். ஏறுகிற நாடி அடுத்தவர் கணக்கில் போய்ச் சேரும்.

"ஊருல எல்லாரும் உடம்புக்குப் பயந்து காபியை விடுவாங்க. நீங்க கவிதைக்குப் பயந்துல்லா விடுதீய," என்று மோர்த் தம்ளரை மேசையில் வைத்தாள் மனைவி உலகம்மாள்.

எழுதுபொறிகள் பெருகிய பிறகு வந்த ஏற்பாடு இது. பொழுது விடிவதற்குள் ஆயிரம் கதைகளைப் பெற்றுப்போடும் பொறிகள் சிற்றிதழ்களின் வாசலை அடைத்துக்கொண்டன. எது மனிதன் எழுதியது என்று ஆசிரியர்களால் பிரிக்க முடியவில்லை. எழுதியது யாராக இருந்தால் என்ன, மனிதனைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதாதா என்று யாருக்கோ தோன்ற, நாடித்தாள் பிறந்தது. அதன் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தால்தான் எழுத்துத் தெரியும். எடுத்தால் வெறும் வெள்ளைத் தாள். படிப்பவரின் நாடியை அது குறித்து அனுப்பிவிடும். எந்தப் படைப்புக்கு நாடி அதிகம் எகிறுகிறதோ, அது அச்சேறும். படித்துப் பார்க்கும் உரிமை சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். சந்தா கட்டுகிறவர்களோ, படைப்பு அனுப்புகிறவர்கள் மட்டும். இந்த ஒன்று எந்தக் காலத்திலும் மாறவில்லை.

கோமதிநாயகத்தின் எழுத்து மூன்றாம் மடையில் ஒருமுறைகூட வந்ததில்லை. இப்போது வெள்ளிவிழா மலரில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. அதற்கு இரண்டு படைப்புகள் போட்டி. அதில் ஒன்று அவருடைய கதை. இருவரும் மற்றவர் எழுதியதைப் படிக்க வேண்டும். எவருடைய நாடி அதிகம் ஏறுகிறதோ, அவர் தோற்றார்.

மோரைக் குடித்தார். மூச்சை இழுத்து விட்டார். விரலை வைத்தார்.

தாளில் பெயர் இல்லை. தேவையும் இல்லை. ஆலங்குளம் பூரணியின் வரிகளை அவர் மோப்பத்திலேயே கண்டுபிடிப்பார். அநேகமாக எல்லா இதழிலும் அவள் கவிதை வந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே திரும்பத் திரும்பப் படித்தவர் அவர்.

இஸ்திரிச் சூடு ஆறாத சட்டையை
வாங்கிக்கொண்டேன்.
இன்னும் கொஞ்ச நேரம்
அதற்குள் அவர் இருப்பார்.

அவ்வளவுதான் கவிதை. கோமதிநாயகத்துக்குக் காது சூடேறியது. அவர் வீட்டுக்கும் வாராவாரம் இஸ்திரிச் சட்டை வருகிறது. சூடாகத்தான் வருகிறது. வாங்கி, மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்திருக்கிறார். இவளுக்கு மட்டும் எப்படித் தோன்றியது? அமைதி, அமைதி என்று சொல்லச் சொல்ல நெஞ்சு தடதடவென்று அடித்தது.

"என்னத்துக்கு இப்படி வேர்க்குது? பேயைப் பாத்தாப்ல இருக்கிய," என்றாள் உலகம்மாள்.

"சும்மா இரி."

இரண்டு நாள் கழித்து ஆசிரியர் இருதயராஜ் பாளையங்கோட்டையிலிருந்து அழைத்தார்.

"அண்ணாச்சி, மனசைத் தேத்திக்கிடுங்க. உங்க கதைக்கு அந்தம்மா நாடி ஏறவே இல்ல. இறங்கிட்டு. தூங்குதவங்க நாடி கணக்கா."

"தூங்கிட்டாளா? என் கதையப் படிச்சுட்டா?"

"அத விடுங்க. உங்க நாடி இருக்கே! நாடித்தாள் வந்த நாள்லருந்து இப்படி ஒரு ஏத்தம் நான் பாத்ததில்ல. என்னா ரசனை! சிறந்த வாசகர்னு உங்க படத்தை அந்தக் கவிதைக்குக் கீழேயே போடுதோம்."

அது ரசனை இல்லை, வயிற்றெரிச்சல் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாடித்தாளுக்கு இரண்டும் ஒன்றுதான். பேசியை வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தார். பழைய இதழ்கள் வரிசையாக நின்றன. அவர் எதையெதைப் பார்த்து வெந்தாரோ, அதையெல்லாம் அவரே அச்சேற்றியிருக்கிறார். மற்றவர்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு கூட்டமே சேர்ந்து பட்ட பொறாமை, அட்டை போட்டு அடுக்கியிருந்தது.

மறுநாள் காலை பூரணியே அழைத்தாள். இருதயராஜ் எண் கொடுத்தாராம்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. எங்க வீட்டுக்காரர் போனதுலருந்து எனக்குத் தூக்கமே கிடையாது. கண்ண மூடினா நெஞ்சு படபடங்கும். உங்க கதையில, கடைசி ஸ்டாப்புல தூங்குத ஆள எழுப்பாம கண்டக்டர் பக்கத்துலயே உக்காந்திருக்காரே, அந்த இடம் வந்ததும் எல்லாம் அடங்கிட்டு. விரலை வச்சபடியே தூங்கிட்டேன். தெனமும் அதத்தான் படிக்கேன்."

கோமதிநாயகம் பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நாடித்தாள்ல எழுத்து ஒரு வாரத்துல அழிஞ்சுருமாமே. சாதாத் தாள்ல ஒரு படி எழுதி அனுப்புவியளா?"

"அனுப்புதேன்," என்றவர் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். படிக்கையில எங்கயாவது ஓர் இடத்துல, அட, இது நமக்குத் தோணலையேன்னு... ஒரு சுருக்குன்னு..."

"ஐயோ, என்ன அண்ணாச்சி நீங்க! ஒரு துளிகூட இல்ல."

பேசியை வைத்ததும் உலகம்மாள் கேட்டாள்: "அந்தப் பிள்ள என்ன சொல்லுது?"

"என்மேல அவளுக்குப் பொறாமையே இல்லயாம்."

"நல்லதுதான?"

அவர் தாளை எடுத்துவைத்துக்கொண்டு கதையைப் படியெடுக்க உட்கார்ந்தார். கையெழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஓடியது. பேருந்து கடைசி நிறுத்தத்துக்கு வந்தது. விளக்குகள் அணைந்தன. ஓட்டுநர் இறங்கிப் போனார். பின்னிருக்கையில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். நடத்துநர் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

பேனா அங்கே நின்றது.

அவள் நாடி இறங்கிய இடம். ஒரே ஒருமுறை அது ஏறினால் போதும் என்று அவருக்குத் தோன்றியது.

மோர்த் தம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு அவர் எழுதினார்: நடத்துநர் விசிலை வாயில் வைத்தார்.