மஞ்சள் கோட்டில் இடைவெளி

"என் தங்கச்சி திருடி இல்ல மேடம்" என்றாள் அக்காக்காரி, உட்காரச் சொல்வதற்கு முன்பே. தையல் ஆலைச் சீருடையோடு வந்திருந்தாள். பின்னால் நின்ற தங்கை அழுது முடித்தவள் போலில்லை. அழ ஆரம்பிக்கவே மறந்தவள் போலிருந்தாள்.

கல்லூரியின் புகார் விசாரணை அதிகாரி நாற்காலியைக் காட்டினார். அவருடைய உதவியாளன், ஊரே 'குடுக்கை' என்று கூப்பிடும் அவசரக்காரன், விஷயத்தை ஒப்பித்தான். ஆன்லைன் வகுப்பில் பாடத்தைத் திரையிலேயே படித்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் கோடு போட்டு, பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டும். ஒருவர் பதிவேற்றினால் வகுப்பே பார்க்கலாம். முதல் மார்க் வாங்கும் மாணவி காலையில் பதிவேற்றினாள், இவள் மாலையில். இரண்டும் அச்சு அசல். காப்பி என்று சொல்லிப் பேராசிரியர் இவள் பெயரை வகுப்பிலிருந்தே நீக்கிவிட்டார். இனி தேர்வு எழுத முடியாது.

"பின்னாடி வந்தவதானே திருடி? கேஸ் முடிஞ்சுது மேடம்."

"வாய்க்கு ஒரு பூட்டுப் போடுப்பா" என்ற அதிகாரி, தங்கையிடம் திரும்பினார். "ஏம்மா சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தே?"

"அக்கா போன்லதான் கோடு போட்டேன். நெட் இல்ல. அக்கா வேலை முடிஞ்சு வந்துதான் ரீசார்ஜ் பண்ணுச்சு." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "முந்தின நாள் லேப்ல, சரியா இருக்கான்னு பார்க்கச் சொல்லி அந்த முதல் மார்க் பொண்ணுக்கு புளூடூத்துல அனுப்பினேன். சார்கிட்ட சொன்னேன். முதல் மார்க்குக்கு உன்கிட்ட என்ன வேலைன்னு சிரிச்சார்."

அதிகாரி போனை வாங்கி, பாடத்தை நகர்த்த வலது ஓரத்தில் விரலை இழுத்தார். திரை அசையவில்லை.

"கீழ விழுந்ததிலேர்ந்து அந்த ஓரம் செத்துப்போச்சு மேடம்" என்றாள் அக்கா.

சற்று நேரத்தில் பேராசிரியரும் முதல் மார்க்கும் வந்தார்கள். அதிகாரி அவளுடைய பதிவைப் பெரிய திரையில் விரித்தார்.

"எதுல கோடு போட்டே?"

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல. மவுஸ்ல. போனைத் தொடவே இல்ல மேடம்."

மஞ்சள் கோடு நான்கைந்து சொல் ஓடியது, ஒரு சொல்லை விட்டது, மறுபடி ஓடியது.

"எலி கடிச்ச துணி மாதிரி இருக்கு" என்றான் குடுக்கை.

"நடுநடுவே ஒரு வார்த்தையை ஏன் விட்டே?"

"அது... என் ஸ்டைல்."

"அந்த ஸ்டைலையும் சேர்த்து இவ காப்பி அடிச்சிருப்பா" என்றார் பேராசிரியர்.

அதிகாரி அதே பாடத்தை அக்காவின் போனில் திறந்து பேராசிரியர் முன் வைத்தார். சின்னத் திரை, வரிகள் குட்டை. விட்டுப்போன ஒவ்வொரு சொல்லும் வரியின் கடைசியில், அந்தச் செத்த ஓரத்தில் நின்றது.

"வரிவரியா விரலால கோடு இழுத்தா, கடைசி வார்த்தைக்கு இந்தப் போன் விடாது. சரி, மவுஸுக்கு என்ன கேடு வந்துது? பெரிய திரையில இந்த இடைவெளிக்கு ஒரு காரணமும் இல்லையே சார்."

முதல் மார்க் தரையைப் பார்த்தாள். "எனக்கு நேரமே இல்ல மேடம். அவதானே குடுத்தா..."

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தார். எதையோ தட்டினார். "உன் பேரைத் திரும்பச் சேர்த்துட்டேன்மா. பரீட்சை எழுதலாம். இப்ப சந்தோஷம்தானே?"

"எதுக்கு சார்? என்னோடதை என்கிட்டயே குடுத்ததுக்கா?"

தங்கை குரலை உயர்த்தவில்லை. அக்கா அவள் தோளைத் தொட்டாள். அது தன் தோள்தானா என்பதுபோல் அந்தக் கையைப் பார்த்தாள்.

"கிளம்புக்கா" என்றாள். "உனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு."