ஜீப்பில் யார் உட்காருவது?

எனக்குக் கோபம் சுலபத்தில் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வரட்டுமே! அன்றைக்கு ஓசூர் ரோட்டில் எனக்கு வந்தது நியாயமான கோபம். நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

என் பெயர் ஜானகி. வயது பத்து. வீடு ஈஜிபுராவில். என் அப்பா கிருஷ்ணப்பா லாரி ஓட்டுகிறார். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஓசூரில் சிமெண்டு மூட்டைகளை இறக்கிவிட்டு, காலி லாரியில் நானும் அப்பாவும் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம்.

பொம்மனஹள்ளிக்கு முன்னால் புளியமரத்தடியில் ஒரு ஜீப் நின்றிருந்தது. பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிய ஒருவர் கையை ஆட்டினார். அவர் தோளில் சிவப்புப் பட்டு அங்கவஸ்திரம். அவருடைய மனைவி பட்டுப்புடவையில் வியர்வையைத் துடைத்தபடி நின்றார். கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள்.

"நிறுத்துப்பா! ஜீப் நின்னுபோச்சு. கயிறு இருக்கோல்லியோ? கட்டி டவுனுக்கு இழுத்துண்டு போ. நான் யார் தெரியுமா? சேஷகிரி. பெரிய ஆபீசர்!"

"ஆகட்டும் சார்" என்றார் அப்பா. யார் உதவி கேட்டாலும் அவர் மறுக்க மாட்டார்.

சுமை கட்டும் தடித்த கயிற்றை எடுத்தார். ஒரு முனையை லாரியின் பின்பக்கக் கொக்கியில் கட்டினார். மறுமுனையை ஜீப்பின் முன்பக்கக் கொக்கியில் கட்டி, காலால் உதைத்துப் பார்த்தார். ஜீப்பின் கியரை நியூட்ரலில் போட்டார். கைபிரேக்கை விடுவித்தார்.

"சார், நீங்க ஸ்டீயரிங்ல உக்காருங்க. நான் கையை வெளிய காட்டினா பிரேக் போடுங்க" என்றார்.

ஆபீசருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நானா? லாரிக்குப் பின்னாடி மாடு மாதிரி இழுபட்டுண்டு வரதா? ஆபீஸ்காரா யாராவது பார்த்தா என் மானம் என்ன ஆறது? நாங்க லாரியிலே உட்கார்ந்துக்கறோம். ஜீப்பைத்தான் கட்டியாச்சே, அது பாட்டுக்கு வரும்."

"வராது சார். லாரி நின்னா ஜீப் நிக்காது, வந்து இடிக்கும். திருப்பத்துல அது பாட்டுக்கு நேராப் போயி பள்ளத்துல உழும்."

"அப்போ இந்தப் பொண்ணை உட்கார வை. சும்மா ஸ்டீயரிங்கைப் பிடிச்சுண்டு வரட்டும்."

என்னையாம்! அவருக்கு மானம் போகக் கூடாதாம். எனக்கு உயிர் போனால் பரவாயில்லையாம்!

"சார், அது சின்னப் புள்ள..." என்று இழுத்தார் அப்பா.

"எனக்கே பாடம் சொல்றியா? லாரி நம்பரைக் குறிச்சுக்கட்டுமா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறார். இதுவரை ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. சரியானதைச் சொன்ன மனிதர் எதற்காகத் தலை குனிய வேண்டும்?

விறுவிறுவென்று போய் ஜீப்பில் ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். "இறங்கு கண்ணு!" என்று அப்பா பதறினார்.

"சார், இங்க பாருங்க. ரோட்டைப் பாத்தா காலு பிரேக்குக்கு எட்டல" என்று காலை ஆட்டிக் காட்டினேன். பிறகு சறுக்கி இறங்கி பிரேக்கை மிதித்தேன். "பிரேக்கை அமுக்குனா ரோடு தெரியல. நான் எதை உடட்டும், நீங்களே சொல்லுங்க!"

அவர் மனைவி களுக்கென்று சிரித்தார். ஆபீசர் சிரிக்கவில்லை.

"வாய் ரொம்ப நீளம்! எட்டலேன்னா சும்மா உட்கார்ந்துண்டு வா."

நான் கீழே குதித்தேன். லாரிக்கும் ஜீப்புக்கும் நடுவில் தரையில் கிடந்த கயிற்றின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன இது, சத்தியாகிரகமா?"

"ஆமா சார். காலு எட்டுறவங்க ஜீப்புல உக்காருற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

ஆபீசர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். லாரிச் சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

"ஏன்னா" என்றார் அந்த அம்மா. "இங்கே கால் எட்டறது, ஓட்டவும் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். போய் உட்காருங்கோ. இல்லேன்னா நானும் அந்தக் குழந்தை பக்கத்திலே உட்கார்ந்துடுவேன்."

"சுப்புலக்ஷ்மி! பட்டுப்புடவை!"

"புடவை போனா போறது."

ஆபீசர் முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். நான் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டேன். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை.

"கயித்துக்கு நடுவுல செவப்புத் துணி கட்டணும். இல்லாட்டி சைக்கிள்காரங்க தெரியாம நடுவுல பூந்துடுவாங்க" என்றேன்.

சுப்புலக்ஷ்மி அம்மா ஆபீசரின் தோளிலிருந்து அங்கவஸ்திரத்தை உருவி என் கையில் கொடுத்தார்.

"ஐயோ, அது காஞ்சிபுரம்!"

"நன்னா கண்ணுக்குத் தெரியும்" என்றார் அவர்.

லாரி மெதுவாக, கயிறு வெடுக்கென்று இழுபடாமல் கிளம்பியது. எங்களோடு முன்னால் உட்கார்ந்த அந்த அம்மா எனக்கு ஒரு கல்யாண லட்டு கொடுத்தார். நான் அதைக் கடித்துக்கொண்டே பின்பக்கச் சின்ன ஜன்னல் வழியாக ஜீப்பைக் கண்காணித்தேன்.

"அவரை எதுத்துப் பேச உனக்குப் பயமா இல்லையா கண்ணு?" என்று அப்பா கேட்டார்.

"இருந்துச்சுப்பா. உன்னைத் திட்டுனாரே, அதுல மறந்துபோச்சு."

அப்பா காரணமே இல்லாமல் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

மடிவாளா ஏரிப் பக்கம் இறங்கும் சரிவில், திடீரென்று ஓர் ஆட்டு மந்தை சாலைக்குள் வந்துவிட்டது. அப்பா கையை வெளியே நீட்டி, பிரேக்கை அழுத்தினார். பின்னால் பார்த்தேன். கயிறு தொய்ந்தது. ஜீப் சரிவில் எங்களை நோக்கி உருண்டு வந்தது.

"பிரேக் சார்! பிரேக்!" என்று கத்தினேன்.

ஜீப் கிறீச்சென்று நின்றது. லாரிக்கும் அதற்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. ஆபீசரின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆளில்லாத ஜீப்பாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"நமஸ்கார சார்! நம்ம ஆபீஸ் ஜீப்பா? நீங்களா சார் லாரி பின்னாடி?"

போச்சு! ஆபீசர் எதற்குப் பயந்தாரோ அது நடந்தேவிட்டது.

ஆபீசர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானேதான் கோவிந்தப்பா! ஜீப்பைக் கட்டி இழுத்தா, கால் எட்டறவா ஒருத்தர் பிரேக்கிலே இருக்கணும். இதுகூடத் தெரியாதா உனக்கு? நடுவிலே பூந்துடாதே, சிவப்புத் துணி கட்டியிருக்கு பார்! சுத்திண்டு போ!"

எனக்கு வந்ததே ஆத்திரம்! அத்தனையும் நானும் அப்பாவும் சொன்னது. ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி அல்லவா எடுத்து விடுகிறார்!

இறங்கிப் போய்ச் சண்டை போடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவ்வளவு வீறாப்பாகப் பேசும்போதும் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. சரி, பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.