இல்லாத சொல்லுக்கு வந்த சீட்டு

காலைத் தபாலில் வந்த காகிதக் கட்டுக்குள் 'ஹெஸ்லக்' என்ற சொல்லுக்கு ஒரு சீட்டு இருந்தது. வினிஃப்ரெட் ஓல்ட்ராய்டு அதை இரண்டு முறை படித்தாள். அப்படி ஓர் ஆங்கிலச் சொல்லே கிடையாது. போன வசந்தத்தில் இதே மேஜையில் உட்கார்ந்து அவளே இட்டுக்கட்டியது அது.

ஹாலிஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய ஆலை ஊரின் ஒரு கரிபிடித்த கட்டடத்தில், வழக்கொழிந்த சொற்களுக்கு அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. பழைய புத்தகம் படிக்கிற புண்ணியவான்கள் நாடெங்கும் இருந்து சொல்லையும், அது வரும் வாக்கியத்தையும், ஆண்டையும் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். அடுத்தவன் அகராதியை அப்படியே சுடுகிற பதிப்பாளர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்க அகராதிக்காரர்கள் தங்கள் அகராதியில் ஒரேயொரு பொய்ச்சொல்லைச் சொருகி வைப்பார்கள். அது வேறொரு புத்தகத்தில் தலைகாட்டினால் திருடன் அகப்பட்டான். ஆசிரியர் பார்ஜட்டர் அந்த வேலையை அவளிடம் விட்டிருந்தார். எது என்று தன்னிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். அவள் எழுதிய பொருள் ஒரே வரி: 'தனியாக இருப்பவரின் அறையில் இருக்கும் இரண்டாவது ஆள்.' எழுதிவிட்டு அன்று சிரிக்கக்கூடச் செய்தாள்.

சீட்டில் 1612 என்று ஆண்டு, ஒரு பாதிரியாரின் பிரசங்கம் என்று குறிப்பு. 'விதவை தனியே மண்டியிட்டாள். அவளுடைய ஹெஸ்லக்கும் மண்டியிட்டது.' அந்தப் பிரசங்கத் தொகுப்பு சுவர் அலமாரியிலேயே இருந்தது. பிசினும் ஈரத்தோலும் நாறும் அந்தத் தடிப்புத்தகத்தை இறக்கிப் பக்கத்தைப் புரட்டினாள். அச்சு மங்கி, புழு அரித்த ஓட்டை அந்தச் சொல்லின் நடுவிலேயே விழுந்து, வரி அங்கே இருந்தது. முந்நூறு வருஷமாக இருந்திருக்கிறது.

பதினோரு மணிக்குத் தேநீர் கொண்டுவந்த, கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் மிஸஸ் க்ளெக் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்ன கண்ணு, பேயறஞ்ச மாதிரி இருக்கே?"

அலுவலகத்தில் யாராவது தன்னிடம் விளையாடுகிறார்களா என்று வினிஃப்ரெட் கேட்டாள்.

"இவங்களா? ஜோக் சொன்னா அர்த்தம் பாக்க அகராதிய எடுக்கற கூட்டம். விளையாட வேற தெரியுமா! இன்னிக்கு சனிக்கிழமை, அரை நாள். காலாகாலத்துல வீடு போய்ச் சேரு."

நியாயம்தான். ஆனால் கட்டுக்குள் இன்னும் சீட்டுகள் இருந்தனவே. 1688, ஒரு கடிதம்: 'ஹெஸ்லக் உட்கார்ந்த நாற்காலி சூடாக இருக்கும்.' 1751, ஒரு நாட்குறிப்பு: 'கதவு அதற்குத் திறக்காது.' ஒவ்வொன்றும் வெவ்வேறு கையெழுத்து, வெவ்வேறு ஊர் முத்திரை. ஒவ்வொன்றுக்கும் அலமாரியில் புத்தகம் இருந்தது, புத்தகத்தில் வரியும் இருந்தது. பார்க்கப் பார்க்க நேரம் போனதே தெரியவில்லை. படிகளில் காலடிகள் தடதடத்து இறங்கின. கீழே யாரோ சிரித்தார்கள், சைக்கிள் மணிகள் ஒலித்துத் தேய்ந்தன, ஆலைச் சங்கு ஒரு மணிக்கு ஊதி அடங்கியது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அறையில் அவள் மட்டும்.

போய்விட வேண்டும். மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு, கடைத்தெருவுக்கு, எங்காவது. இந்த அறையில் தனியாக ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. கதவுக்குப் போய்ப் பிடியைத் திருகினாள். அசையவில்லை. ஈரத்தில் ஊதிப்போயிருக்கும் என்று தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை.

மூச்சுச் சத்தம் கேட்டது.

தன் மூச்சைப் பிடித்தாள். அதுவும் நின்றது. விட்டாள். அதுவும் விட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் மிஸஸ் க்ளெக்கின் வாளி கணகணத்தது. வினிஃப்ரெட் இரண்டு கையாலும் கதவை அடித்தாள், பேர் சொல்லிக் கத்தினாள். மிஸஸ் க்ளெக் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே போய்விட்டாள். அறைக்குள் திரும்பிப் பார்க்க வினிஃப்ரெட்டுக்குத் தைரியம் வரவில்லை. நெற்றியைக் கதவில் அழுத்திக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்புறம் கதவு திறந்தது. எளிதாக.

பார்ஜட்டர்! ஈரக் கம்பளிக் கோட்டு வாடையோடு உள்ளே வந்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்: தான் செய்த சொல், சீட்டுகள், புத்தகங்கள், திங்கட்கிழமை அகராதி அச்சுக்குப் போவதற்குள் அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும் என்பது. அவர் பதில் சொல்லவில்லை. கோபம் வந்தால் அவர் அப்படித்தான், வாயே திறக்க மாட்டார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே சூடு பட்டதுபோல் பாதி எழுந்து, இருக்கையை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"என் தப்புதான் சார்," என்றாள். "ஏதாவது சொல்லுங்க."

மிஸஸ் க்ளெக் தலையை நீட்டினாள். கையில் சாவிக்கொத்து. பார்வை அறையைச் சுற்றி, வினிஃப்ரெட்டின் மேலாகவும் போய்வந்தது.

"பூட்டிட்டுக் கிளம்பலாம்னு பாத்தேன் சார். தனியாவா இருக்கீங்க?"

"தனியாத்தான்," என்றார் பார்ஜட்டர்.

கதவு சாத்திக்கொண்டது. படியிறங்கும் சத்தம். தெருக்கதவு. அமைதி.

சீட்டைப் புரட்டிய விரல் நின்றது. அவருடைய பிடரி மயிர் சிலிர்ப்பதை அவள் பார்த்தாள். மெல்ல மெல்லத் தலையைத் திருப்பினார். கண்கள் அகன்றன. அவளுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறார் என்று நினைத்து அவள் சட்டென்று திரும்பினாள்.

சுவர். வெறும் சுவர்.

"பயப்படாதீங்க சார், நான்தான்," என்று ஆறுதலாக ஓரடி எடுத்து வைத்தாள். நாற்காலி கவிழ்ந்தது. பார்ஜட்டர் தவழ்ந்து மூலைக்குப் போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவளையே பார்த்தபடி, வாய் திறந்து, சத்தமே வராமல் அலறிக்கொண்டிருந்தார்.