இலைக்கு ஒரு ஜன்னல்

எங்கள் வீட்டு வாண்டுக்கு ஐந்து வயது. அவன் என் தம்பி. இந்த ஐந்து வருடத்தில் அவன் எனக்குக் கொடுத்த தலைவலிகளை எழுத ஆரம்பித்தால் நூறு பக்க நோட்டு போதாது. அதனால் செடி விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறிவியல் டீச்சர் ஒரு செம்பருத்தித் தொட்டியை என் கையில் கொடுத்தார்.

"இதை ரெண்டு நாள் நல்ல இருட்டுல வச்சிருந்து, திங்கட்கிழமை காலையில கொண்டு வா. பக்கத்து வகுப்பும் பார்க்க வர்றாங்க. நம்மகிட்ட இருக்கிறது இந்த ஒரே செடிதான். உன்னை நம்பித்தான் குடுக்கிறேன்."

சோதனை இதுதான். இலை வெயிலில் உணவு தயாரிக்கும். மிச்சத்தை மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கும். செடியை இருட்டில் வைத்தால் அந்தச் சேமிப்பு தீர்ந்துவிடும். பிறகு ஓர் இலையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, செடியை வெயிலில் வைக்க வேண்டும். கடைசியில் இலையில் அயோடின் ஊற்றினால், வெயில் பட்ட இடம் மட்டும் கருநீலமாகும். மூடிய இடம் அப்படியே இருக்கும்.

டீச்சர் "உன்னை நம்பித்தான்" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. போன மாதம்தான் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைப் போட்டு உடைத்திருந்தேன். அதற்கப்புறம் அங்கே யாரும் என்னிடம் ஒரு கரண்டியைக்கூட நம்பிக் கொடுக்கவில்லை.

என் அம்மா தையல்காரர். அவருடைய பெரிய துணி அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து, செடியை வைத்துக் கதவைச் சாத்தினேன். 'யாரும் திறக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டினேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். வாண்டுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அலமாரிக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். உள்ளே வாண்டு காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் டார்ச். இன்னொரு கை தொட்டியை அணைத்திருந்தது.

"டேய்! என்னடா பண்றே?"

"கதை சொல்றேன். கத்தாதே அக்கா, இப்பத்தான் அதுக்குப் பயம் போச்சு."

"எத்தனை தடவைடா திறந்தே?"

விரல் விட்டு எண்ணினான். ஒரு கை போதவில்லை.

"நேத்து நீ லைப்ரரிக்குப் போனப்போ, கொஞ்ச நேரம் வெயில்ல உட்கார வச்சேன். கொஞ்ச நேரம்தான். சாயங்காலம் வரைக்கும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "எல்லாத்தையும் கெடுத்துட்டியே! இப்ப நான் டீச்சர் முகத்துல எப்படி முழிப்பேன்? இனிமே என் பக்கமே வராதே, போ!"

அவன் உதடு பிதுங்கியது. "அது என்ன தப்பு பண்ணுச்சு? நீ ஏன் அதை இருட்டுல அடைச்சு வச்சே?"

அப்புறம் ஓவென்று ஒரு அழுகை. தையல் மெஷின் நின்றது. "காலங்காத்தாலேயே ரெண்டும் ஆரம்பிச்சாச்சா?" என்றார் அம்மா.

நான் அவனை வெளியே இழுத்துவிட்டு, அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். அவன் போகவில்லை. கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடுக்கில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னான்.

"பயப்படாதே. நான் இங்கேயேதான் இருக்கேன்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. விளக்கை அணைத்தால் தூங்கவே மாட்டான் அவன். இருட்டென்றால் அவ்வளவு பயம். அப்படிப்பட்டவன் ஒரு செடிக்காக அந்த அலமாரிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறான்! நான் போட்ட சத்தத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

பூட்டைத் திறந்தேன். "வாடா, ரெண்டு பேரும் உள்ள உட்காரலாம்."

"டார்ச்?"

"டார்ச் வேண்டாம். நான் இருக்கேன்ல."

உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினோம். புதுத்துணி வாசனை அடித்தது. அவன் என் விரலைப் பிடித்த பிடியில் விரல் கழன்றுவிடும் போலிருந்தது.

"வாண்டு, இலைக்கு வெயில்தான் அடுப்பு. வெயில் அடிச்சா சமைக்கும். மிச்சத்தை எடுத்து வச்சுக்கும்."

"இருட்டுல?"

"இருட்டுல அடுப்பு எரியாது. எடுத்து வச்சதைச் சாப்பிடும். இப்ப சாப்பிட்டுட்டுதான் இருக்கு. நாளைக்குக் காலையில நானே வெயில்ல வச்சிடுவேன்."

"அப்ப அது பட்டினி இல்லையா?"

"இல்லடா."

"சாப்பிடும்போது தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்று முணுமுணுத்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அதற்கப்புறம் அலமாரிக்கு அவன்தான் காவல். அம்மா துணி எடுக்க வந்தபோதுகூட விடவில்லை.

"திறக்காதீங்கம்மா. சாப்பிடுது."

"யாருடா சாப்பிடுறது, என் அலமாரியில?" என்று அம்மா பதறிப்போனார்.

மத்தியானம் நான் கறுப்புத் தாளை வெட்ட உட்கார்ந்தேன். அம்மாவின் துணிக் கத்தரிக்கோல் பக்கம் என் கை போனதும், "அதால பேப்பர் வெட்டினா மழுங்கிடும். தொட்டே, தெரியும் சேதி!" என்று குரல் வந்தது. சின்னக் கத்தரிக்கோலை எடுத்தேன். இது இலையில் பாதியை மூடத்தான் என்று சொன்னதும் வாண்டு உற்றுப் பார்த்தான்.

"இப்படி மூடிட்டா அது எப்படி வெளிய பார்க்கும்? ஒரு ஜன்னல் வை அக்கா."

புத்தகத்தில் ஜன்னல் கிடையாது. ஆனால் வைத்தால்தான் என்ன? கத்தரிக்கோலை அவனிடமே கொடுத்தேன். நாக்கை நீட்டிக்கொண்டு வெட்டினான். நாலு பக்கமும் நாலு விதமாக, கோணல்மாணலாக ஒரு ஜன்னல் வந்தது.

திங்கட்கிழமை காலை, டீச்சர் முன்னால் தொட்டியோடு நின்றேன்.

"டீச்சர், சனிக்கிழமை மத்தியானம் செடி வெயில்ல இருந்துது. என் தம்பி பாவம் பார்த்து வெளிய எடுத்துட்டான். தெரிஞ்சதும் மறுபடி இருட்டுல வச்சேன். மாவுச்சத்து தீர்ந்துதா இல்லையான்னு தெரியலை."

டீச்சரின் புருவம் சுருங்கியது. நான் வழியெல்லாம் யோசித்து வந்ததை மடமடவென்று சொல்லிவிட்டேன்.

"முதல்ல ஒரு இலையைப் பறிச்சு அயோடின் ஊத்திப் பார்க்கலாமா டீச்சர்? நீலமாகலைன்னா தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம்தானே?"

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடுவையை உடைச்ச கைக்கு மூளை இருக்கு" என்று சிரித்தார்.

ஓர் இலையைப் பறித்தோம். டீச்சர் அதை வெந்நீரில் போட்டார். பிறகு பச்சை நிறம் போக ஆல்கஹாலில் சூடாக்கினார். இலை வெளுத்தது. அயோடின் ஊற்றியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், வெறும் பழுப்பு. நீலம் துளிகூட இல்லை. அப்பாடா!

இன்னோர் இலையில் ஜன்னல் வைத்த தாளைப் பொருத்தி, செடியை வெயிலில் வைத்தோம். கடைசிப் பாடவேளையில் இரண்டு வகுப்பும் மேஜையைச் சுற்றி முண்டியடித்தன. டீச்சர் தாளை எடுத்துவிட்டு, அந்த இலையையும் பறித்து வெளுக்க வைத்தார். அயோடின் ஊற்றினார்.

ஒரு பாதி கருநீலமானது. மறுபாதி வெளிறியே இருந்தது. அந்த வெளிறிய பாதியின் நடுவில் மட்டும் மெல்ல மெல்ல ஒரு கருநீலக் கட்டம், கோணல்மாணலாக!

"ஏய், ஜன்னல்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"யாரோட யோசனை இது?" என்றார் டீச்சர்.

"என் தம்பியோடது. அஞ்சு வயசு, டீச்சர்."

"அப்ப செடி அவன்கிட்டேயே இருக்கட்டும். இலையையும் கொண்டு போய்க் காட்டு."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குத் திக்திக்கென்றது. இலையைப் பறிப்போம் என்பதை மட்டும் நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

வாண்டு வாசலிலேயே காத்திருந்தான். என்னைப் பார்க்கவே இல்லை, நேராகச் செடியைப் பார்த்தான். விரலால் காம்பைத் தொட்டான்.

"இங்க ஒண்ணு இருந்துச்சு. இங்கயும் ஒண்ணு."

"பறிச்சுட்டோம்டா. வெந்நீர்ல போட்டோம். நேத்தே சொல்லியிருக்கணும். சொன்னா நீ விட மாட்டியோன்னு பயந்துட்டேன். தப்புதான்."

"அதுக்கு வலிச்சிருக்குமா?"

"தெரியலைடா. புது இலை விடும். அது மட்டும் தெரியும்."

அவன் முகம் சுருங்கியது. அழப் போகிறான் என்று நினைத்தேன். நோட்டுக்குள் வைத்திருந்த இலையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். வெளிறிய இடத்தைத் தடவினான். ஜன்னலைத் தடவினான். திடீரென்று கண்கள் விரிந்தன.

"அக்கா! ஜன்னல்ல மட்டும் அடுப்பு எரிஞ்சிருக்கு!"

டீச்சர் முக்கால் மணி நேரம் விளக்கியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தொட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, வாசலில் எங்கே இன்னும் வெயில் மிச்சமிருக்கிறது என்று தேடிப் போனான் என் தம்பி.