சவ்வு டாக்டரின் ஊசிமுனை ஓட்டை

எத்தனையோ வருஷமாகிவிட்டது... இன்றும் தூறல் விழுந்தால் அவளுக்கு அந்த ஆய்வகத்தின் ஈர ஜன்னல்தான் நினைவுக்கு வருகிறது. மீட்டர் கம்பெனியில் வழக்கமாகப் போகிற மெக்கானிக் லீவு. அதனால்தான் வாயு அளக்கும் மீட்டரைச் சரிபார்க்க, நனைந்த தலையோடு அன்று அவள் போனாள்.

உள்ளே அவன். வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் ‘சவ்வு டாக்டர்’. அவன் செய்தது, ஹைட்ரஜனுக்கு மட்டும் வழிவிட்டு, கூட வரும் கரியமில வாயுவைத் தடுத்துவிடும் பாலிமர் சவ்வாம். வெங்காயத் தோலைவிட மெல்லிசு. அதில் ஹைட்ரஜன் யாரும் காணாத வேகத்தில் பாய்ந்ததால் மறுநாள் பாராட்டு விழா. இயக்குநர் பேனரே கட்டிவிட்டார். அதில் அவர் முகம்தான் பெரிது. சவ்வு ஓர் ஓரமாக.

“மீட்டர் சரியா இருக்கு சார். கரியமில வாயுவ விட்டுப் பாத்தீங்களா?”

“வந்த வேலைய மட்டும் பாருங்க மேடம்.”

முறைத்தான். அந்தக் கண்கள்... முறைத்தபோதும் அழகாயிருந்து தொலைத்தன.

“அதுவும் என் வேலைதான். மீட்டரச் சோதிக்க ரெண்டையும் விட்டேன். கரியமில வாயுவும் கூடவே ஓடி வருது. ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருக்கும் சார்.”

ஹைட்ரஜன் பாய்ந்த மிதப்பில் மற்றதைச் சோதிக்கவே மறந்திருந்தான். முகம் வெளுத்தது.

“நாளைக்கு விழா... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

“என் மானம் உங்களுக்கு விளையாட்டா?”

அவள் மழையில் இறங்கி நடந்தாள்.

வேலை முடிந்ததற்கான தாளில் கையெழுத்து வாங்க மறுநாள் வந்தபோது, அரங்கில் இயக்குநர் நாற்பது நிமிஷமாகத் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு மைக் அவன் கைக்கு வந்தது. கடைசி வரிசையில் அவளைப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான்.

“சவ்வுல ஓட்டை இருக்கு. தப்பு என்னோடது. கண்டுபிடிச்சது மீட்டர் பாக்க வந்தவங்க.”

இயக்குநர் நீட்டிய கேடயம் பாதியில் நின்றது. “இதுதான் நம் நிறுவனத்தின் நேர்மை,” என்று அறிவித்து, அதற்கும் அவரே கைதட்டிக்கொண்டார்.

வராந்தாவில் அவன் கையெழுத்துப் போட்டான். தாளை மட்டும் விடவில்லை.

“மீட்டர் கெட்டுப்போச்சுன்னு தினமும் உங்க கம்பெனிக்குப் போன் பண்ணலாம்னு பாத்தேன். இன்னிக்குப் பொய் வர மாட்டேங்குது. அதான் நேராவே... எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க.”

“இப்பவே பதில் சொல்லணுமா?”

“வேணாம். மெதுவாச் சொல்லுங்க.”

“சொல்லிட்டேன்னு வெச்சுக்கங்க...”

தாளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். அவன் கண்ணைப் பார்த்திருந்தால் அதுகூட வாயில் வந்திருக்காது.