பிளம் துரையின் நெற்றியில் ஒரு துளை

வீல்...!

ஸ்காபரோவின் பிளம் மாளிகையே அதிர்ந்தது. நான்கு தெரு தள்ளி ஓர் அணில் மேப்பிள் மரத்திலிருந்து விழுந்ததாகக் கேள்வி.

அலறியவள் மாளிகையைச் சுற்றிப் பார்க்க வருவோருக்கு டிக்கெட் கொடுக்கும் டோரத்தி. "நெற்றியில் சுட்டுவிட்டார்கள்!" என்று பொலிசுக்கும் போன் அடித்துவிட்டாள்.

சுடப்பட்டவர் செத்து நூறு வருடம் என்பதைத்தான் சொல்ல மறந்துவிட்டாள்.

எசேக்கியேல் பிளம்! 1871இல் தீட்டிய எண்ணெய் ஓவியமாகச் சுவரில் தொங்குபவர். சவர்க்காரம் காய்ச்சி விற்று லட்சாதிபதியானவர். பிறகு தேர்தலில் நின்றார். ஒரு வோட்டுக்கு இரண்டு கட்டி சவர்க்காரம்! ஊரே குளித்துவிட்டுப் போய் வாக்களித்தது. மந்திரியானதும் சவர்க்கார வரியை ஒழித்தார்... அதன்பின் அவர் கை மட்டும் சுத்தமாகவே இல்லை!

இப்போது அவர் நெற்றியில்... சிவப்பாய்... ஒரு வட்டம்!

காவலாளி தில்லையம்பலம் கைக்குட்டையைத் தேடினார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவியைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ண அடுத்த கிழமை வேலைக் கடிதம் கொடுக்க வேண்டும். வேலை போனால் கடிதம் போச்சு. கடிதம் போனால் மனுசி வரமாட்டா.

கான்ஸ்டபிள் றமேஸ் வந்தான். துளையை உற்றுப் பார்த்தான்.

"உதென்ன அண்ணை, குங்குமமே?"

"ஓம் தம்பி. நேற்று ஆயுத பூசையெல்லே. டோர்ச், திறப்பு, வக்யூம் மெசின் எல்லாத்துக்கும் வைச்சன். முதலாளியை மட்டும் விட்டால் கோவிப்பார் எண்டு..."

"வக்யூம் மெசினையும் சுட்டுப்போட்டாங்கள் எண்டு அந்த டிக்கெட் மனுசி அழுகுது, அண்ணை."

நிர்வாகி வில்பர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பொலிஸ் எதற்கு? படத்தை யாரும் தொடவேண்டாம். இந்த ஆளை வேலையை விட்டு நிறுத்தினால் போதும்."

தில்லையம்பலம் பதறினார். "ஐயோ சேர், நானே துடைச்சு விடுறன்."

கைக்குட்டையால் அழுத்தி ஒரே இழுவை!

பொட்டுப் போனது.

கூடவே புருவமும் போனது... அடுத்த இழுவையில் மூக்கும்!

றமேஸின் கண்கள் சுருங்கின.

"அண்ணை, 1871இல கீறின படம் 1994இலயும் காயாமல் கிடக்குமோ?"

வில்பர் கதவுக்குப் பாய்ந்தார். அதற்குள் அது பூட்டிக் கிடந்தது. குங்குமப் பொட்டு வைத்த திறப்பு தில்லையம்பலத்தின் விரலில் ஆடியது.

"கதவு பூட்டுறதுதானே சேர் என்ர வேலை."

அசல் பிளம், வில்பரின் ஸ்ரௌவ்வில் நகர வீட்டு பேஸ்மென்றில், விற்பதற்குப் பொதி கட்டியபடி கிடந்தார். சுவரில் தொங்கியது போன கிழமை கீறிய போலி!

வில்பரின் நாற்காலி காலியானதால், தில்லையம்பலத்தின் வேலைக் கடிதத்தில் டோரத்தியே கையெழுத்து வைத்தாள். ஒன்றுக்கு இரண்டு இடத்தில்.

றமேஸ் காரில் ஏறப்போனவன் திரும்பி வந்தான்.

"அண்ணை, அந்தக் குங்குமச் சிமிழை ஒருக்கா இரவல் தாறியளே?"

"ஏன் தம்பி?"

"ஒட்டாவாப் பாளிமென்றில இருக்கிறவையில எத்தினை பேர் ஒறிஜினல் எண்டு பொட்டு வைச்சுத் துடைச்சுப் பாக்கத்தான்."